கேஸ் மிஷினா, ஸ்பேசரா? சுங்கை சிப்புட் பார்மசி அலமாரியில் இளைப்புக்கு விற்கும் சாமான்கள்

இளைப்பு (ஆஸ்துமா) வந்த பிள்ளையை மோட்டாரில் நடுவில் உட்கார வைத்து, தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓட்டி வந்து, கிளினிக்கில் "கேஸ்" வைத்துவிட்டு நடுராத்திரியில் வீடு திரும்பும் குடும்பம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதிதல்ல. இரண்டு மூன்று தடவை இப்படி அலைந்த பிறகு பார்மசியில் வந்து கேட்பார்கள்: "ஒரு கேஸ் மிஷின் வாங்கி வீட்டிலயே வெச்சுக்கிட்டா என்ன?" கடைக்காரருக்கும் அது கசக்காது. அலமாரியில் இருப்பவற்றிலேயே விலை கூடிய சாமான் அதுதான்.

இந்த விமர்சனத்தில் மூன்று சாமான்கள். ஒன்று, கரண்டில் ஓடும் கம்ப்ரெசர் நெபுலைசர், அதாவது கேஸ் மிஷின். இரண்டாவது, நீலப் பம்பை (இன்ஹேலரை) மாட்டிப் பயன்படுத்தும் வால்வும் மாஸ்க்கும் வைத்த ஸ்பேசர். மூன்றாவது பார்மசியில் மருந்துப் பக்கம் இருக்காது, குளிர்பெட்டிக்குள் இருக்கும்: 500 மில்லி தண்ணீர்ப் போத்தல். காசு கொடுக்க வேண்டியது இரண்டாவதற்கு. மிஷினைப் பெரும்பாலான வீடுகள் வாங்கத் தேவையில்லை. போத்தல் கேலிக்குரிய பொருள் அல்ல, அவசரத்துக்கு அதையே ஸ்பேசராக்கலாம்.

முதலில் மிஷின். "கேஸ்" என்று சொன்னாலும் அதில் கேஸ் ஒன்றும் இல்லை. நீலப் பம்புக்குள் இருக்கும் அதே சல்பூட்டமால் மருந்துதான் தண்ணீர் வடிவில் குப்பியில் வருகிறது, மிஷின் அதைப் புகைபோல் ஆக்குகிறது. சின்னப் பிள்ளைக்குப் போடும் குப்பியில் 2.5 மில்லிகிராம் இருக்கும். பம்பை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் குப்பி 25 அழுத்தலுக்குச் சமம். அதனால்தான் "கேஸ்தான் பவர்" என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் குப்பியிலுள்ள மருந்தில் பெரும்பகுதி மிஷினின் கிண்ணத்திலேயே ஒட்டிக்கொள்கிறது, மாஸ்க்கின் ஓட்டை வழியாக அறைக்குள் போகிறது, பிள்ளை மூச்சை வெளியே விடும் நேரமெல்லாம் வீணாகிறது. நெஞ்சுக்குள் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்பு 39 சோதனைகளை ஒன்றுசேர்த்தது; அவற்றில் 1,897 பிள்ளைகள். பம்பும் ஸ்பேசரும் கொடுத்த பிள்ளைகளுக்கும் நெபுலைசர் கொடுத்த பிள்ளைகளுக்கும் வார்டில் சேர்க்க வேண்டி வந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்பேசர் பிள்ளைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரம் சராசரியாக 33 நிமிடம் குறைவு. நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் அவர்களுக்கே குறைவு. ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உயிருக்கே ஆபத்தான நிலையில் வந்த பிள்ளைகள் அந்தச் சோதனைகளில் சேர்க்கப்படவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் நெபுலைசர்தான் வைப்பார்கள், அது சரிதான்.

அங்கேதான் வீட்டு மிஷினின் பெரிய குறை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை ஓட்டுவது ஆக்சிஜன், நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை. வீட்டு மிஷின் தள்ளுவது அறைக் காற்று. சல்பூட்டமால் மூச்சுக்குழாயோடு நுரையீரலின் இரத்தக் குழாய்களையும் விரித்துவிடுவதால், கடுமையான இளைப்பில் ஆக்சிஜன் அளவு சற்று நேரத்துக்கு இன்னும் இறங்குவதுண்டு. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கூடவே போவதால் சமாளிக்கலாம், வீட்டில் முடியாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மிஷின் மாதிரி இருக்கும், செய்யும் வேலை ஒன்றல்ல. இன்னொரு தவறு இதைவிட மோசம். மிஷின் வீட்டில் இருந்தால் "இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம், காலையில போகலாம்" என்று மணிக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள். காசு போட்டு வாங்கியதாயிற்றே.

மற்ற குறைகள் சில்லறை. ஒரு தடவைக்கு எட்டு, பத்து நிமிடம் பிடிக்கும். சத்தத்துக்குப் பயந்து இரண்டு வயதுப் பிள்ளை மாஸ்க்கைப் பிய்த்து எறியும். உடனே அம்மா மாஸ்க்கை முகத்துக்கு நான்கு விரல் தள்ளிப் பிடிப்பார். அந்தத் தூரத்தில் மருந்து மின்விசிறிக்குத்தான். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைக் கழுவிக் காயவைக்காவிட்டால் மீந்த தண்ணீரில் கிருமி வளரும், அடுத்த தடவை அதுவும் புகையோடு நெஞ்சுக்குள் போகும். காற்று ஃபில்டரை மாற்ற வேண்டும் என்பதே பல வீடுகளில் தெரியாது. கரண்டு போனால் மிஷின் ஒரு பெட்டி. டாக்டர் குறிப்பாக ஒரு பிள்ளைக்கு இதை எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. அந்த வீட்டார் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

இனி ஸ்பேசர். நீலப் பம்பை நேரே வாயில் வைத்து அழுத்தினால் மருந்து அதிவேகமாகப் பாய்ந்து தொண்டையின் பின்சுவரில் மோதி ஒட்டிவிடும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும், பெரியவர்களுக்கே அது கைவராது. ஸ்பேசர் செய்வது எளிய வேலை: மருந்துப் புகையை ஒரு குழாய்க்குள் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, பெரிய துளிகளைச் சுவரிலேயே பிடித்துக்கொண்டு, நுண்ணிய துளிகளை மட்டும் பிள்ளை நிதானமாக இழுக்க விடுகிறது. வால்வு உள்ளே இழுக்கும்போது திறக்கும், வெளியே விடும்போது மூடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது மாஸ்க்கின் அளவு. தீபாவளிச் சட்டையையும் பள்ளிச் சீருடையையும் ஒரு அளவு பெரிதாக வாங்குவது நம் வழக்கம், "வளர்ற பிள்ளை" என்று. ஸ்பேசர் மாஸ்க்கில் அந்தப் புத்தி காசைத் தண்டமாக்கும். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக்கூடாது, தாடைக்குக் கீழே தொங்கக்கூடாது. ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் பிள்ளை அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கும், வால்வு அசையவே அசையாது. மலிவு வகைகளில் மாஸ்க் விறைப்பாக இருக்கிறது. மூக்குத் தண்டுக்கு இரு பக்கமும் காற்று ஓடும். மெத்தென்ற சிலிகான் மாஸ்க்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு நியாயமானது.

ஏரோசேம்பர் பிளஸ் வகை இந்த விஷயத்தில் நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. குழாய் 149 மில்லி. ஆரஞ்சு மாஸ்க் பிறந்ததிலிருந்து 18 மாதம் வரை, மஞ்சள் 1 முதல் 5 வயது வரை. புதிய வகையில் ஒரு சிறு தகடு ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும்; மாஸ்க் நன்றாக மூடியிருக்கிறதா என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும், மூச்சை எண்ணவும் உதவும். மாஸ்க் இல்லாமல் வாயில் வைத்து இழுக்கும் வகையில் விசில் ஒன்று உண்டு. விசில் சத்தம் வந்தால் நன்றாக இழுக்கிறோம் என்று பிள்ளைகள் நினைத்து அதை ஒலிக்கவைத்து விளையாடும். உண்மை தலைகீழ்: வேகம் கூடிவிட்டது, மெதுவாக இழு என்பதற்கான சத்தம் அது. இதன் விலை உள்ளூர் மலிவு வகைகளைவிடக் கூடுதல்தான். விலை இடித்தால், வால்வு கண்ணுக்குத் தெரிகிற, மாஸ்க் மெத்தென்று இருக்கிற எந்த வகையும் போதும். பின்பக்க ரப்பரில் உங்கள் பம்பு இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். பம்புகள் எல்லாம் ஒரே வடிவம் இல்லை.

மூன்று வயது வரை மாஸ்க். நான்கு வயதுக்கு மேல் உதட்டால் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாய்முனைக்கு மாறிவிடுங்கள். மூக்கு வழியாக இழுத்தால் மருந்தில் ஒரு பங்கு மூக்கிலேயே தங்கிவிடும்.

பயன்படுத்தும் முறையில்தான் நல்ல ஸ்பேசரும் வீணாகிறது. மூடியைக் கழற்றியதும் பம்பின் வாய்க்குள்ளும் ஸ்பேசருக்குள்ளும் ஒரு பார்வை. பைக்குள் கிடந்த சில்லறையும் மிட்டாய்த் தாளும் உள்ளே போய் நெஞ்சுக்குள் இழுக்கப்பட்டதுண்டு, தோட்ட வீட்டில் எறும்பையும் சேர்த்துக்கொள்ளலாம். நன்றாகக் குலுக்கி மாட்டுங்கள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து மாஸ்க்கை அழுத்திப் பிடித்த பிறகு ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். சாதாரண மூச்சு ஐந்து அல்லது ஆறு, வால்வு அசைவதை எண்ணிக்கொண்டே. கைக்குழந்தைக்குப் பத்து வரை போகலாம். எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்து, மறுபடியும் குலுக்கி, அடுத்த அழுத்தல். இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் நேரம் மிச்சம் என்று தோன்றும். உள்ளே துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகிச் சுவரில் ஒட்டிவிடும், இரண்டு அழுத்தலின் முழுப் பலன் கிடைக்காது. அழுத்திவிட்டு மெதுவாக மாஸ்க்கைப் பொருத்துவதும் அப்படியே. புகை சில நொடிகள்தான் மிதக்கும்.

அழுகிற பிள்ளைக்குப் போடுவது பெரும்பாலும் வீண். அழும்போது மூச்சு நீளமாக வெளியே போகும், விசுக்கென்று உள்ளே வரும். மருந்து தொண்டையில் பட்டு வயிற்றுக்குப் போய்விடும். "நல்லா அழட்டும், அப்பத்தான் உள்ள போகும்" என்று பாட்டிகள் சொல்வது தவறு. பிள்ளை நன்றாக இருக்கும் நாளிலேயே மாஸ்க்கைப் பொம்மைக்குப் போட்டு விளையாட விடுங்கள், இளைப்பு நாளில் அது பயமுறுத்தாது.

கழுவுவதில் ஒரு நுணுக்கம் உண்டு, கடையில் இதைச் சொல்பவர் குறைவு. பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் தேங்கும். சீப்பால் வாரியதும் முடி எழுந்து நிற்குமே, அதேதான். அந்த மின்சாரம் மருந்துத் துளிகளைச் சுவருக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே புதிதாக வாங்கியதை அப்படியே பயன்படுத்தாமல், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் குழாயானால் உள்ளே அலச வேண்டாம். சோப்பின் மெல்லிய படலம்தான் மின்சாரத்தைத் தடுக்கிறது. வாயில் படும் பகுதியையும் மாஸ்க்கையும் மட்டும் அலசினால் போதும். நிலைமின்சாரம் பிடிக்காத வகை என்று பெட்டியில் போட்டிருந்தால் அலசலாம். எந்த வகையானாலும் துணியால் துடைக்காதீர்கள், துடைத்தால் மின்சாரம் திரும்ப ஏறிவிடும். நிற்க வைத்து ராத்திரி முழுக்கக் காற்றில் காயட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு மணி நேரத்தில் காயாது, தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தால் வால்வு நெளிந்துவிடும். இதற்குப் பிறகு தாளில் சொன்ன இடைவெளியில், வாரமோ மாதமோ, கழுவினால் போதும்.

போத்தலுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்து, 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பம்பு செருகும் ஓட்டையைச் சுற்றிப் பசையால் அடைக்கப்பட்ட 500 மில்லி பிளாஸ்டிக் போத்தல், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. பாலிஸ்டைரீன் கோப்பை தேறவில்லை. செய்முறை இது: கம்பியைப் பம்பின் வாயைச் சுற்றி வளைத்து அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து, சூடாக்கி, போத்தலின் அடிப்பாகத்தில் அழுத்தினால் அச்சாக ஓட்டை விழும். கத்தியால் வெட்டினால் ஓரம் பிசிறும், பம்பு ஆடும். பம்பைச் செருகிச் சுற்றிலும் பசையால் அடைத்து, பசை வாடை முழுவதும் போகும்வரை காயவிடுங்கள். போத்தலின் வாய்தான் பிள்ளையின் வாய்முனை. மூடியைத் தனியே கழற்றி எறிந்துவிடுங்கள். முதல் பயன்பாட்டுக்கு முன் பம்பைச் சில தடவை உள்ளே அழுத்தி விட்டால் சுவரில் மருந்துப் பூச்சு ஏறும், நிலைமின்சாரம் அடங்கும்.

வால்வு இல்லாததால் இது உதட்டால் இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் ஊதித்தான் விளையாடும். ஊருக்குப் போன இடத்தில் ஸ்பேசரை மறந்துவிட்டு வந்தவர்களுக்கும், அடுத்த சம்பளம் வரைக்கும் தள்ள வேண்டியவர்களுக்கும் இது கைகொடுக்கும்.

இவ்வளவும் கருவிகள் பற்றி. கருவிக்குள் எந்தப் பம்பு போகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி, அண்மைய ஆராய்ச்சி திரும்பியிருப்பதும் அந்தப் பக்கம்தான். நீலப் பம்பு சுருங்கிய குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. 2019 முதல் கினா எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டி, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் கொடுத்து விட்டுவிடக்கூடாது என்கிறது. 6 முதல் 11 வயதுப் பிள்ளைக்கும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு பம்பு தினமுமோ, குறைந்தது நீலம் அழுத்தும் ஒவ்வொரு தடவையுமோ சேர வேண்டும். 2025-இல் லான்செட்டில் வந்த நியூசிலாந்து ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. லேசான ஆஸ்துமா உள்ள 5 முதல் 15 வயது வரையிலான 360 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இளைப்பு வரும்போது சல்பூட்டமாலும், மீதிப் பேருக்குப் புடிசோனைடு என்ற ஸ்டீராய்டும், குழாயை விரிக்கும் ஃபார்மோட்டராலும் ஒன்றாகக் கலந்த பம்பும் கொடுத்தார்கள். கலப்புப் பம்பில் இளைப்புத் தாக்குதல் 45 விழுக்காடு குறைந்தது. இதைப் படித்துவிட்டுப் பார்மசியில் போய்ப் பம்பை மாற்றிக் கேட்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் மாதம் ஒரு நீலப் பம்பு தீர்கிற வீடு, கிளினிக்கில் "வீக்கத்துக்கு மருந்து வேண்டாமா?" என்று கேட்கத்தான் வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி. ஸ்பேசரையும் பம்பையும் கையோடு எடுத்துப் போய் அவர்கள் முன்னால் ஒரு தடவை போட்டுக் காட்டினால் தவறு அங்கேயே பிடிபடும்.

"பம்பு பழகிடும், ஸ்டீராய்டு பிள்ளையக் குட்டையாக்கிடும்" என்ற பேச்சில் முதல் பாதி பொய், இரண்டாம் பாதியில் ஒரு துளி உண்மை. அமெரிக்காவில் 5 முதல் 13 வயதுக்குள் புடிசோனைடு பம்பைத் தொடங்கித் தினமும் சில ஆண்டுகள் எடுத்தவர்களை வளர்ந்த பிறகு அளந்தார்கள். 2012-இல் வெளிவந்த முடிவில் உயர வித்தியாசம் சராசரி 1.2 சென்டிமீட்டர். விரற்கடைகூட இல்லை. ஸ்டீராய்டு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவும், மாஸ்க் போட்ட முகத்தைத் துடைக்கவும் மறக்காதீர்கள், வாயில் வெள்ளை படராது.

குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதை இளைப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் விட்டுவிடலாம். கொசுவத்தியும் அப்படியே. 2015, 2019 போலப் புகைமூட்டம் கவிந்த நாட்களில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பாதீர்கள்.

எவ்வளவு போடலாம், எப்போது நிறுத்திவிட்டு ஓட வேண்டும்? டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டம் இருந்தால் அதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கினா சொல்லும் அளவு: நீலப் பம்பு 2 அழுத்தல், ஒவ்வொன்றாக, தேவைப்பட்டால் 20 நிமிடம் கழித்து இன்னும் 2, மேலும் 20 நிமிடம் கழித்து 2. இரண்டு மணி நேரத்துக்குள் 6 அழுத்தலுக்கு மேல் கேட்கிறதென்றால் வீட்டில் இருக்கக்கூடாது. விலா எலும்புக்கிடையில் தோல் உள்வாங்குவது, பால் குடிக்கவோ பேசவோ முடியாமை, உதடு நீலம் பாய்வது, பிள்ளை துவண்டு தூங்கி வழிவது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் எண்ணிக்கை பார்க்காமல் 999, இல்லாவிட்டால் நேரே சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி. போகும் வழியிலும் ஸ்பேசரில் போட்டுக்கொண்டே போகலாம், கேஸ் மிஷினுக்கு அது முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்.

கடைசியாக, பம்பு தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தவறான கணக்கு, தண்ணீர் புகுந்து வாயும் அடைத்துக்கொள்ளும். எண்காட்டி இல்லாத பம்பில் 200 அழுத்தல். தீர்ந்த பிறகும் வெறும் வாயு புஸ்ஸென்று வந்துகொண்டேயிருக்கும், சத்தத்தை நம்ப முடியாது. திறந்த தேதியைப் பம்பின் உடம்பில் பேனாவால் எழுதி, போட்டதைக் காலண்டரில் கோடிழுத்து எண்ணுங்கள். மோட்டார் சீட்டுக்கு அடியில் வெயிலில் வைக்காதீர்கள், 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் அது. ஸ்பேசரின் வால்வு சுருங்கினாலோ, கிழிந்தாலோ, மூடாமல் நின்றாலோ அன்றே புதிது வாங்குங்கள். சேதமில்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.